முலாஞ்சேயில் சனிக்கிழமைகள்

மிஷன் மருத்துவமனையில் சனிக்கிழமை தானாக வராது. பிடித்து வைத்தால்தான் உண்டு. மலாவி நாட்டின் தென்கிழக்கில், முலாஞ்சே மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றில் 2009 முதல் சில ஆண்டுகள் நான் செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். தண்ணீர் பம்ப், ஜெனரேட்டர், ஆக்சிஜன் இயந்திரம் என்று எது நின்றுபோனாலும் ஓடவைப்பது என் கணவரின் பொறுப்பு. குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே இருந்தது. பொழுது விடிவதற்குள் வாசலில் "ஓடி, ஓடி" என்று குரல் கேட்கும். அங்கே கதவைத் தட்டமாட்டார்கள், அப்படிக் குரல் கொடுப்பார்கள். திறந்தால் யாராவது நிற்பார்கள்: ரத்தம் கொடுக்க ஆள் தேடும் உறவினர், பள்ளிக் கட்டணத்துக்குக் கைமாற்று கேட்கும் மாணவி, சவப்பெட்டிக்குப் பலகை உண்டா என்று கேட்க வந்த தகப்பன். மழை மாதங்களில் மலேரியா ஏறும்போது குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் கிடப்பார்கள். அந்த நேரத்தில் சனிக்கிழமை என்ன, ஞாயிற்றுக்கிழமை என்ன?

நாங்கள் போய்ச் சேர்ந்த புதிதில், அங்கே நெடுங்காலம் பணிசெய்த மூத்த மருத்துவர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "வாரத்தில் ஒரு நாளாவது கேட்டைத் தாண்டி வெளியே போங்கள். போகாமல் இருந்தால் கொஞ்ச காலத்தில் உங்களுக்கு இந்த ஜனங்கள்மேல் கோபம் வர ஆரம்பித்துவிடும். நான் பார்த்திருக்கிறேன்." அந்தக் கடைசி வாக்கியம்தான் எங்களைச் சனிக்கிழமைதோறும் வெளியே தள்ளியது.

முதலில் எங்கெங்கோ போக ஆசைப்பட்டோம். 2011 அதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது. நாட்டில் அந்நியச் செலாவணி வற்றிப்போய், பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் ராத்திரியெல்லாம் வரிசையில் நின்றன. ஆம்புலன்ஸுக்கே அளந்து அளந்து டீசல் ஊற்றினார்கள். எங்கள் சனிக்கிழமைகள் நடந்து போய்வரும் தூரத்துக்குள் சுருங்கின. அந்த வருடத்தில்தான் மலையைத் தெரிந்துகொண்டோம்.

முலாஞ்சே தொடர்மலை இல்லை. தேயிலையும் மக்காச்சோளமும் விளையும் சமவெளியிலிருந்து, முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல், ஒரே பாறைக்கோட்டையாக எழும்பி நிற்கும். அதன் உச்சி சபிட்வா, 3,002 மீட்டர். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்கு மலை என்றால் மேற்கே அடிவானத்தில் நீலமாகத் தெரியும் பொதிகைதான். இங்கே மலை ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றது. மே மாதம் தொடங்கி ஆகஸ்டுவரை மொசாம்பிக் பக்கத்திலிருந்து சிப்பெரோனி வரும். குளிர்ந்த மூடுபனியும் தூறலும் நாள்கணக்கில் விடாது. மலை இருந்த இடமே தெரியாது. பனி விலகிய காலையில் வார்டில் வேலை செய்பவர்கள்கூட ஒரு நிமிடம் தாழ்வாரத்துக்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

லிக்குபுலா என்ற இடத்தில் ஆறு மலையை விட்டு இறங்குகிறது. அதன் பாறைக்குளங்களில் கோடையிலும் தண்ணீர் ஐஸாக இருக்கும். அங்கிருந்து பாதை ஏறும். மேலே லிச்சென்யா என்ற பீடபூமியில் மத்திய ஆப்பிரிக்க பிரஸ்பிடேரியன் சபைக்கு ஒரு தங்கும் வீடு இருக்கிறது. அதிகாலை புறப்பட்டால் மதியத்துக்குள் ஏறிவிடலாம். காவலாளி அடுப்பை மூட்டி வாளியில் வெந்நீர் வைத்துக் கொடுப்பார். மலையில் ஆங்காங்கே இருக்கும் வனத்துறைக் குடில்களுக்குச் சுவரும் தரையும் முலாஞ்சே தேவதாருப் பலகைதான். கரையான் தொடாத, எண்ணெய் மணம் விடாத மரம். உலகத்தில் இந்த ஒரு மலையில் மட்டுமே இயற்கையாக வளர்வது. மலாவியின் தேசிய மரமும் அதுவே. நாங்கள் ஏறும் பாதையில் எதிரே ஆட்கள் இறங்குவார்கள். வெறுங்கால், தலையில் நீளப் பலகை, வளைவுகளில் பலகை பாறையில் இடிக்காமல் உடம்பையே திருப்பி நடப்பார்கள். அவர்கள் தூக்கி வந்ததில் எவ்வளவு அனுமதி பெற்று வெட்டியது, எவ்வளவு திருட்டு வெட்டு என்று நாங்கள் கேட்டதில்லை. மரம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே அதே ஆட்களில் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்து நிற்பார். மருந்துக்கான காசு அந்தப் பலகையிலிருந்து வந்தது என்பதை மலையில் ஏறியிராவிட்டால் நான் அறிந்திருக்கமாட்டேன்.

எங்கள் ஜெபக் கடிதங்களில் இந்த மலை வராது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊருக்குக் கடிதம் எழுதுவோம். சேகரத்தில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் வாசிப்பார்கள். பிரசவ வார்டு, மாணவிகளின் தேர்வு முடிவு, ஜெபிக்க வேண்டிய காரியங்கள் எல்லாம் இருக்கும். சனிக்கிழமை இருக்காது. அந்தப் பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டு, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருகிறவர்கள். திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ ஊழியங்களின் அடியில் அந்தப் பிடி அரிசி இருக்கிறது. அஸரியாவும் அவர் கூட்டாளிகளும் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய மண் இது; கொடுத்து அனுப்புவது இங்கே பரம்பரைப் பழக்கம். அப்படிக் கொடுக்கும் பெண்களிடம், மலைக்குளத்தில் குளித்தோம், குடிலில் தேவதாரு வாசத்தில் தூங்கினோம் என்று எழுதக் கை வரவில்லை. எங்களோடு அங்கே இருந்த மற்ற நாட்டு ஊழியர்களும் தங்கள் ஊர்ச் சபைகளுக்கு இப்படித்தான் எழுதினார்கள்.

பிடி அரிசிக்குக் கொடுத்த மரியாதைதான் அந்த மௌனம். ஆனாலும் இன்று அதை நான் சத்தமாகவே சொல்வேன்: ஊழியம் செய்கிறவர்கள் இளைப்பாறத்தான் வேண்டும். சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஜனங்கள் வந்துபோய்க்கொண்டிருந்தபோது இயேசு தம் சீஷர்களைத் தனியிடத்துக்குக் கூட்டிப்போனதாக மாற்கு எழுதியிருக்கிறார். ஜனங்கள் கரைவழியே ஓடி அவர்களுக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. நம் பக்கத்திலேயே பாருங்கள்: மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனெரிகள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். அதற்கு முன்னால் அவர்கள் சமவெளியில் மனைவிமாரையும் பிள்ளைகளையும் உடன் ஊழியரையும் புதைத்திருந்தார்கள். கொடைக்கானல் இன்று சுற்றுலா ஊர். அதன் முதல் வீடுகளைக் கட்டியது சாவு பயம்.

ஓய்வு ஒரு காரணம். மூத்த மருத்துவர் சொல்லாத இன்னொன்றை நாங்கள் போகப் போகத்தான் கண்டோம். திங்கள் முதல் வெள்ளிவரை நாங்கள் கொடுக்கிறவர்கள். கையில் மருந்துச் சாவி, சுண்ணக்கட்டி, ஸ்பேனர். எங்கள் எதிரில் இருப்பவர்கள் வாங்குகிறவர்கள். கேட்டைத் தாண்டியதும் அந்த ஏற்பாடு கலைந்துவிடும். வழி தெரியாது, பாஷை அரைகுறை. தாகத்துக்குத் தண்ணீர் யாராவது கொடுத்தால்தான் உண்டு. சாலையில் பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்து "அம்வென்யே!", அதாவது இந்தியர்கள், என்று கூவிக்கொண்டே பின்னால் ஓடிவருவார்கள். அங்கே இந்தியர் என்றால் பெரும்பாலும் குஜராத்தி வியாபாரக் குடும்பங்கள். லிம்பே நகரில் உங்கள் கடை எது என்று பெரியவர்களே விசாரிப்பார்கள். மருத்துவமனை என்று சொன்னதும் யார் யாருக்கு எந்த வருடம் எந்த வார்டில் என்ன நடந்தது என்ற கதை தொடங்கிவிடும். நாங்கள் நின்று கேட்போம். வார்டில் அந்த நேரம் கிடைக்காது.

பெட்ரோல் மறுபடி கிடைக்கத் தொடங்கியதும் சாமான் வாங்க பிளான்டையர் நகரத்துக்குப் போய்வருவோம். வழியெல்லாம் தேயிலை. இலங்கையில் காபி பயிரிட்ட ஹென்றி பிரவுன் என்பவர், பிளான்டையர் மிஷன் தோட்டத்துச் செடிகளிலிருந்து விதை வாங்கி, 1891இல் முலாஞ்சேயில் விதைத்தார். மலாவியில் வியாபாரத்துக்காகத் தேயிலை வளர்த்தது அங்கிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் குடும்பத்திலும் இலங்கை மலைநாட்டுக்குப் போன கிளை உண்டு. கூடையை முதுகில் மாட்டிக் கொழுந்து கிள்ளுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் பேசாமல் இருந்துவிடுவேன். என் கணவரும் ஒன்றும் கேட்கமாட்டார்.

பிளான்டையரில் தூய மிக்கேல் ஆலயம் இருக்கிறது. ஸ்காட்லாந்து மிஷன் 1876இல் அங்கே வந்து, மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஊரின் பெயரையே இடத்துக்கு வைத்தது. 1888இல் டேவிட் கிளெமென்ட் ஸ்காட் என்ற குருவானவர் ஆலயத்தைக் கட்டத் தொடங்கி 1891இல் முடித்தார். கட்டடக்கலை படித்தவர் இல்லை. உள்ளூர் ஆட்களைக் கூட வைத்துக்கொண்டு, அங்கேயே செங்கல் அறுத்து, சூளை வைத்து, கோபுரமும் குவிமாடமும் வளைவுகளுமாக எழுப்பினார். அதே மனிதர் 1892இல் அந்த மக்களின் மங்கஞ்சா மொழிக்குப் பேரகராதி ஒன்றையும் வெளியிட்டார். இதைக் கேட்டதும் எனக்கு என் அம்மாவின் ஊரான இடையன்குடி நினைவுக்கு வந்தது. 1847இல் அடிக்கல் நாட்டி 1880இல்தான் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார் கால்டுவெல். இடையில் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வந்தது. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் எழுதுகோல் என்று வாழ்ந்த இருவர், கடலுக்கு இரண்டு பக்கத்திலும். இரண்டு ஆலயங்களிலும் செங்கல் சுமந்தவர்களின் பெயர் எங்கே என்று தேடிப் பார்த்தேன். இடையன்குடியில் என் பாட்டனார் வழியில் அதைக் கதையாகச் சொல்வார்கள். பிளான்டையரிலும் ஏதோ ஒரு வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டும் அண்ணன் ஒரு சனிக்கிழமை எங்களை விடவில்லை. "வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாரும் பிளான்டையர் கோயிலைப் பார்க்கிறார்கள், மேடம். சிலெம்ப்வேயின் கோயிலையும் பார்த்துவிட்டு எங்களோடு வேலை செய்யுங்கள்" என்று சிராட்சுலுவுக்குக் கூட்டிப்போனார். ஜான் சிலெம்ப்வே அமெரிக்காவில் இறையியல் படித்துத் திரும்பி, 1900இல் அங்கே பிராவிடன்ஸ் தொழில் மிஷனைத் தொடங்கிய பாப்திஸ்து போதகர். பள்ளிகள் நடத்தினார். 1913இல் பெரிய செங்கல் ஆலயம் ஒன்றைக் கட்டி முடித்தார். பக்கத்து மகோமெரோ எஸ்டேட்டில், குடியிருந்த குற்றத்துக்காக ஜனங்கள் வாடகைக்குப் பதில் உழைத்துக் கொட்ட வேண்டியிருந்தது. எஸ்டேட் நிலத்தில் அவர் எழுப்பிய சிற்றாலயங்களை அதன் மேலாளர் எரித்தார். அந்த எஸ்டேட், டேவிட் லிவிங்ஸ்டனின் மகள் வழிக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. முதல் உலகப் போர் தொடங்கியதும், தங்களுடையதல்லாத சண்டையில் ஆப்பிரிக்கரை ஏன் சாகவிடுகிறீர்கள் என்று சிலெம்ப்வே பத்திரிகைக்கு எழுதினார். 1915 ஜனவரியில் அவர் தலைமையில் கலகம் வெடித்தது, மேலாளர் கொல்லப்பட்டார். எல்லையை நோக்கிப் போகும் வழியில் பிப்ரவரி 3 அன்று சிலெம்ப்வே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கட்டிய ஆலயத்தை அரசாங்கம் வெடிவைத்துத் தகர்த்தது. இன்று நிற்பது அவருக்குப் பின் வந்தவர்கள் எழுப்பியது.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு குவாச்சா நோட்டை எடுத்து நீட்டினார். அதில் சிலெம்ப்வேயின் முகம். அதே நோட்டை நாங்கள் எத்தனையோ முறை சந்தையில் கொடுத்து வாங்கியிருக்கிறோம். கத்தி எடுத்த போதகரைப் பற்றி என்ன நினைப்பது என்று எனக்கு அன்று தெளிவில்லை, இன்றும் முழுத் தெளிவில்லை. ஒன்று மட்டும் உறுதி: மிஷன் என்ற பெயர்ப்பலகையின் கீழ் வந்து நிற்கிற எவரும் மகோமெரோவின் கதையைத் தெரியாமல் அந்த நாட்டில் ஒரு ஊசிகூடப் போடக்கூடாது. அந்த அண்ணன் எனக்குக் கொடுத்த பாடம் எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்கவில்லை.

பெரிய பயணம் என்றால் மலாவி ஏரிதான். நீண்ட விடுமுறை சேர்ந்து வந்தபோது கேப் மக்ளியருக்குப் போனோம்.  மீன்தொட்டியில் மட்டும் பார்த்திருந்த நீல, மஞ்சள் மீன்கள் முழங்கால் ஆழத்திலேயே சுற்றிவந்தன. குளித்துவிட்டு வந்தால் நத்தைக் காய்ச்சலுக்குச் சில வாரம் கழித்துப் பிராசிகுவாண்டல் மாத்திரை விழுங்க வேண்டும். மருத்துவமனைக்காரர்கள் அதைச் சொல்லாமல் யாரையும் ஏரிக்கு அனுப்பமாட்டார்கள். 1875 அக்டோபரில் லிவிங்ஸ்டோனியா மிஷன் முதலில் இறங்கியது இந்தக் கரையில்தான். காய்ச்சலில் ஒவ்வொருவராகப் போனார்கள், கல்லறைகள் இருக்கின்றன. 1881இல் மிஷன் வடக்கே பண்டாவேக்கு இடம் மாறிவிட்டது. அதே வருடம் ஞானஸ்நானம் பெற்றிருந்த முதல் விசுவாசி ஆல்பர்ட் நமலம்பே அங்கேயே தங்கி, பள்ளியைத் தொடர்ந்து நடத்தினார். வெளியிலிருந்து வந்தவர்கள் போன பிறகு, கரும்பலகைக்கு முன்னால் அவர் நின்றார். கல்லறைகளைவிட அந்தப் பள்ளியைத்தான் நான் அதிகம் நினைத்தேன். அப்போது எங்களுக்குத் திரும்பும் காலம் நெருங்கியிருந்தது.

எல்லாச் சனிக்கிழமைகளிலும் என் மனம் திரும்பத் திரும்பப் போவது மலைக்கு வடக்கே பலோம்பே பக்கத்து ஒரு கிராமத்துக்கு. என் மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பார்க்க எங்களைக் கூட்டிப்போனாள். ஜூலை மாதம். சாலையின் இருபுறமும் ஆளுயரத்தில் துவரை காய்த்து நின்றது. மலாவியின் தெற்கு முழுக்கத் துவரை விளைகிறது. மக்காச்சோளத்தோடு ஊடுபயிராக விதைக்கிறார்கள். நம் வீட்டுச் சாம்பாரின் செடியை வெளிநாட்டில் வந்துதான் முழு வயலாகப் பார்த்தேன்.

பாட்டி வாசலில் பாய் விரித்தார். சாப்பாட்டுக்கு முன் பேசினும் கூசாவும் எடுத்துவந்து, என் முன்னே முழங்காலிட்டு, கைகழுவத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். எண்பது வயது இருக்கும். நான் பதறி எழுந்திருக்கப் போனேன். மாணவி என் காதருகே சொன்னாள்: "உட்காருங்கள், மேடம். நீங்கள் எழுந்தால் அகோகோவுக்கு, பாட்டிக்கு, அவமானம்." உட்கார்ந்தேன். அந்தக் கிழவி என் விரல் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார். வார்டில் வாரம் முழுக்க நோயாளிகளின் கைகளைப் பிடித்தவளுக்கு, தன் கையை இன்னொருவரிடம் நீட்டிக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போது தெரிந்தது. மக்காச்சோள மாவில் கிளறிய ந்சிமா, முழுத் துவரைக் குழம்பு, ஏரியிலிருந்து வந்த உசிபாக் கருவாடு. நாங்கள் துவரையின் தோலை நீக்கி உடைத்துப் பருப்பாக்குவோம் என்று மாணவி மொழிபெயர்த்துச் சொன்னதும் பாட்டி, "தோலில்தானே ருசி, அதை ஏன் எறிகிறீர்கள்?" என்று கேட்டார். புறப்படும்போது கால்கட்டிய கோழி ஒன்றை என் கணவர் கையில் கொடுத்தார். அந்த வீட்டில் எத்தனை கோழி இருந்தன என்பது எங்கள் கண்ணில் பட்டிருந்தது. வாங்கிக்கொண்டோம்.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தெற்கு மலாவியில் அடித்தது. மலைச்சரிவுகள் பெயர்ந்து, சேறும் பாறையுமாகக் கிராமங்கள்மேல் இறங்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அந்நாட்டு வரலாற்றிலேயே அதிக உயிர்களை வாங்கிய காலரா ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்த சமயம். என் மாணவி அப்போது ஒரு சுகாதார நிலையத்தின் பொறுப்புச் செவிலி. பாட்டி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். அந்த வீடு இருந்த வரிசையே இல்லை என்று எழுதினாள். அதற்கு மேல் எழுத அவளுக்கு நேரமிருக்கவில்லை.

அதே வருடம் டிசம்பர் 17, 18இல் எங்கள் பக்கம் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி கரைபுரண்டு ஏரலைச் சுற்றிய ஊர்களெல்லாம் துண்டிக்கப்பட்டன. எங்கள் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். செல்போன் டவர் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்ததும் முதலில் வந்து விழுந்தவற்றில் அவளுடைய வாய்ஸ் மெசேஜும் இருந்தது. சுகமா என்று கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள்: "கிணற்றில் வெள்ளம் புகுந்ததா, மேடம்? அப்படியென்றால் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். கிணற்றின் குறுக்களவும் தண்ணீர் ஆழமும் எவ்வளவு என்று சொல்லுங்கள்." என் கணவர் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்து சொன்னார். எவ்வளவு பிளீச்சிங் பவுடர், எப்படிக் கரைத்து ஊற்றுவது, எத்தனை மணி நேரம் காத்திருப்பது என்று அவள் கணக்குப் போட்டு அனுப்பினாள். அன்று சாயங்காலமே செய்தோம். தெருவில் இருந்த மற்றக் கிணறுகளின் அளவையும் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பினோம். எல்லாவற்றுக்கும் கணக்கு வந்தது.